இரவல் மூக்கு

சின்னவளுக்கு மூக்கு போய்விட்டது. முகத்தில் இருக்கிற மூக்கு இல்லை, அது லட்சணமாக இருந்த இடத்திலேயே இருந்தது. மோந்து பார்க்கிற மூக்கு. காய்ச்சலில் படுத்து எழுந்தவள், அடுப்பில் பால் அடிப்பிடித்துத் தீய்கிறபோது பக்கத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தவள் பெரியவள் ஒருத்திதான்.

இருவரும் அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். பெரியவளின் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். சின்னவளின் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். பிள்ளை இல்லை. பொழுது போக வேண்டுமே என்றுதான் சின்னவள் பின்னறையில் சோப்பு செய்ய ஆரம்பித்தாள், பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது.

தையல்காரிக்கு மூக்கு போனால் ஊசி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. சின்னவள் செய்ததோ அலங்கார சோப்பு. பழத்துண்டு மாதிரி, சிப்பி மாதிரி, மொட்டவிழ்ந்த பூ மாதிரி செய்வாள். கண்ணால் பார்த்துக் கையில் எடுப்பவர்கள் அடுத்த நொடி மூக்கருகில்தான் கொண்டுபோவார்கள். அங்கே வாசனை சரியில்லை என்றால் பூவாவது சிப்பியாவது, வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

தீய்ந்த பாலைக் கொட்டிவிட்டு வந்த பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் அழுதாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மோப்பமே தெரியாதவ சோப்பு செய்றான்னு தெரிஞ்சா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. திரும்பி வர்ற வரைக்கும் நீங்கதான் எனக்கு மூக்கு."

பெரியவள் அவள் தலையைத் தடவிக் கொடுத்து, சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்காக அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு அவளைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சின்னவள் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பாள். அது புகைந்து அடங்கிய பிறகு, எண்ணெய்களைக் காய்ச்சிக் கலந்த பாத்திரத்தில் ஊற்றி, தயிர்ப் பதம் வருகிற வரைக்கும் பிளெண்டரால் அடிப்பாள். பிறகு நிறம், பிறகு வாசனை. கேக்கின் மேல் கிரீம் பிழிகிற பையில் அதை நிரப்பி இதழ் இதழாகப் பிழிந்து பூ செய்வாள். பூக்கள் ஒரு மாதத்துக்கு மேல் அலமாரித் தட்டில் கிடந்து காய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரியவளுக்கு அழைப்பு வரும். சின்னவள் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து நீட்டுவாள். பெரியவள் குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். நல்லா இருக்கு. கொஞ்சம் தூக்கல். இன்னும் நாலு சொட்டு. சின்னவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், டாக்டர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நிற்கிற மாதிரி.

இந்தப் பார்வை பெரியவளுக்குப் பிடித்துப் போனது. அவளை அப்படி எதிர்பார்த்து இதுவரை யாரும் நின்றதில்லை. புருஷன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன். பெற்ற மகளோ சித்தி, சித்தி என்று பின்னறையிலேயே கிடந்தவள். தலைவாரிக்கொள்வது, துணி எடுப்பது, காதலித்தவனைப் பற்றி முதலில் சொல்வது, எல்லாம் சித்தியிடம்தான். அம்மாவுக்குக் கடைசியில் தகவல் வரும்.

ஒரு நாள் மகளுடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். உனக்கு இவ்வளவு நல்ல ரசனை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். மகள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க சித்திகிட்டருந்துதான். அம்மாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது, பாவம்," என்று சிரித்தாள். காபித் தட்டோடு கதவருகில் வந்து நின்ற பெரியவளுக்கு அந்தப் 'பாவம்' என்ற வார்த்தைதான் காதிலேயே நின்றது. காபியைக் கொடுத்தாள், சிரித்தாள், உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே சின்னவள் உள்ளங்கையை நீட்டினாள். எலுமிச்சைப் பூ வாசனை. அந்தப் பின்னறையில் அதுவரை அவ்வளவு நல்ல வாசனை வந்ததே இல்லை. பெரியவள் கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"என்னமோ முடி கருகின மாதிரி வருதே," என்றாள்.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவு பூக்களையும் அன்றே எடுத்து, கேரட் துருவுகிற துருவியில் தேய்த்துத் தேய்த்துத் தூளாக்கினாள். நாள் முழுக்க உட்கார்ந்து பிழிந்து, ஒரு மாதம் காயவைத்த இதழ்கள். விரல் நுனி தோல் உரிந்தது. பெரியவள் உதவிக்கு உட்கார்ந்து, போகட்டும் விடு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னாள். வருஷக்கணக்காக வராத ஒரு நிம்மதி அன்றைக்கு அவளுக்கு வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ருசி கண்டுவிட்டால் விடுமா? அடிக்கடி செய்தால் தெரிந்துவிடும் என்று பெரியவள் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஐந்தாறு தடவை உள்ளதைச் சொல்வாள், ஒரு தடவை கவிழ்ப்பாள். நல்லதைத் துருவ வைப்பாள், சுமாரானதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள். பரிசுப்பொருள் கடைக்காரி ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, என்னம்மா இது, பழைய வடைச்சட்டி மாதிரி நாறுகிறதே என்று கேட்டாள். கடைக்காரி போன பிறகு சின்னவள் பெரியவளிடம் ஓடினாள். பெரியவள் ஒன்றை எடுத்து மோந்தாள். கடைக்காரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

"அந்தம்மாவுக்குத்தான் மூக்குல கோளாறு. எவ்வளவு அருமையா இருக்கு. விலையைக் குறைக்க இப்படி ஒரு வழி," என்றாள்.

சின்னவள் நம்பினாள். ஊரே ஒரு பக்கம் நின்று நாறுகிறது என்றாலும் அக்கா நல்லா இருக்கு என்றால் அவளுக்கு நல்லா இருக்கு. கடைக்காரியோடு பேச்சை நிறுத்தியே விட்டாள். இப்படி நம்புகிறவளைப் பார்த்தால் கல்லுக்கும் இரக்கம் வரும். பெரியவளுக்கு வந்தது எரிச்சல்தான். இவ்வளவு நம்பினால் ஏமாற்றுவதில்கூட ஒரு கெட்டிக்காரத்தனம் இல்லாமல் போகிறதே என்று நினைத்தாள்.

இதற்கிடையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா தராசு வைத்துப் பேசுகிற ரகம். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை விரலால் தொட்டுத் தூசி பார்ப்பவள். அவள் முன்னால் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்பதே பெரியவளின் ஒரே கவலையாக இருந்தது. மகளும் அம்மா பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தாள். மண்டபம், சாப்பாடு, அழைப்பு என்று எல்லாவற்றுக்கும் அம்மாவைத்தான் கேட்டாள். இத்தனை நாள் கிடைக்காதது இப்போதுதான் கிடைக்கிறது, இது கை நழுவிவிடக் கூடாது என்று பெரியவள் கிடந்து தவித்தாள்.

அந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு நாள் சின்னவள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து நீட்டினாள். ஜன்னலோரம் வெயிலில் ரொம்ப நாளாகக் கிடந்த டின்னிலிருந்து எடுத்தது, இதை உபயோகிக்கலாமா என்று கேட்டாள். பெரியவள் மோந்தாள். காறல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எண்ணெய் கெட்டுப்போய் நாளாகியிருந்தது. ஏதோ கடைக்குச் செய்யப்போகிறாள், செய்து இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

"நல்லா இருக்கு. இப்பதான் ஆட்டின மாதிரி இருக்கு," என்றாள்.

அதோடு மறந்தும் போனாள். சின்னவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே யாரும் வரக் கூடாது, ஒரு ரகசியம் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். பெரியவளுக்கு எட்டிப் பார்க்க நேரமும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, மாப்பிள்ளையின் அம்மா ஏற்பாடுகளைப் பார்வையிட வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பின்னறையிலிருந்து அட்டைப்பெட்டிகளைச் சுமந்து சுமந்து கொண்டுவந்து சுவர் உயரத்துக்கு அடுக்கினாள். ஒன்றைத் திறந்து மகள் மடியில் வைத்தாள். சின்னச் சின்னப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒவ்வொரு பூ. மகளுக்குப் பிடித்த நிறம். கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க, யாருக்கும் சொல்லாமல், தனியாக உட்கார்ந்து பிழிந்திருக்கிறாள். எண்ணெய் கெட்ட சோப்பில் செம்மஞ்சளாகப் புள்ளி விழும், அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். இங்கே பூவே அந்த நிறம். புள்ளி விழுந்தது அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மகள் ஆசையாக எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டிகள் திறக்கத் திறக்கக் கூடம் முழுக்க அந்தக் காறல் வாடை பரவியது. மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, இதைத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் கையில் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டாள்.

சின்னவள் மகளைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்க்கவில்லை. பழக்கம் போலப் பெரியவளைத்தான் பார்த்தாள். "அக்கா, சொல்லுங்களேன்," என்றாள்.

தப்பு என்னுடையது, நான்தான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுகூடப் பாதிப் பொய்தான், ஆனாலும் போதும். அதைச் சொன்னால் சம்பந்தி முன்னால் தலை குனிய வேண்டும், மகள் மறுபடியும் சித்தி பக்கம் போய்விடுவாள். பெரியவளின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் அப்பவே சொன்னேன், இந்த எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு. கேட்டாத்தானே? அவளுக்கு மோப்பமே கிடையாது, ரொம்ப நாளாச்சு. வெளிய தெரிஞ்சா தொழில் போயிடும்னு எல்லார்கிட்டயும் மறைச்சுட்டா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

கட்டிக் காத்த ரகசியத்தைச் சந்தியில் கொட்டியாகிவிட்டது. சின்னவள் பெரியவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். துருவியில் தேய்ந்த பூக்களெல்லாம் இப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்தன. கடைக்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்குக் கல்யாணம், பெண்ணின் அம்மா பொய்க்காரி என்று அந்தச் சம்பந்தி முன்னால் எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணின் மேல் அவள் வைத்திருந்த பாசம் அப்படிப்பட்டது.

"ஆமா. அக்கா சொன்னாங்க. நான்தான் கேக்கலை," என்றாள் சின்னவள்.

மகள் பெட்டியை மடியிலிருந்து தள்ளினாள். "என் கல்யாணத்துலயா சித்தி உங்க பிடிவாதத்தைக் காட்டணும்?" என்றாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. உனக்கு முன்னாலேயே தெரியுமென்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு அம்மாவைத் தனியாகக் கேட்டாள். சித்தியைப் பற்றி நான் சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா என்று பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று பெரியவளுக்கு இருந்தது. கொடுத்தது என்னவோ இன்னொருத்தியுடையதுதான்.

அவசரத்துக்குக் கடையில் கிடைத்த சாக்லேட்டை வாங்கிக் கொடுத்துக் கல்யாணம் நடந்து முடிந்தது. மகள் புருஷன் வீட்டுக்குப் போகும்போது பின்னறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவளின் தொழிலும் அன்றோடு முடிந்தது. அச்சுகளையும் பிழிகிற பைகளையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள்.

பெட்டிகளை மட்டும் போடவில்லை. குப்பை வண்டி வருகிறது, தூக்கிப் போடு என்று பெரியவள் சொன்னபோது சின்னவள் சிரித்த முகமாகவே பேசினாள்.

"வீணாக்க மனசு வரலை அக்கா. எனக்கு என்ன தெரியவா போகுது? நானே தேய்ச்சுத் தீத்துடறேன்."

"வீடே நாறும்."

"நாறுமா? அந்த எண்ணெயை இப்பதான் ஆட்டின மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே. அதைப் பாப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லட்டுமா?"

குரல் உயரவில்லை. பெரியவள் குப்பை வண்டியைப் போகவிட்டாள். புருஷன் வீட்டுக்குப் போன மகள் இப்போது தினமும் ஃபோன் செய்கிறாள், அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அந்த ஒரு ஃபோனுக்காக எதையும் சகித்துக்கொள்ளலாம் என்று பெரியவள் முடிவு செய்தாள்.

சின்னவள் காலையும் மாலையும் அந்தச் செம்மஞ்சள் பூவைத் தேய்த்துக் குளித்தாள். கை கழுவுகிற தொட்டியில் ஒன்று, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் ஒன்று. துணி துவைப்பது எப்போதும் அவள் வேலை. துருவியில் பூக்களைத் துருவி வாஷிங் மெஷினில் கொட்டினாள். போர்வை, தலையணை உறை, துண்டு, பெரியவளின் உடுப்பு எல்லாம் அதில்தான் வெளுத்தன. பெரியவளின் புருஷனுக்குச் சிகரெட் புகையில் ஊறிப்போன மூக்கு, டீசலைத் தவிர வேறொன்றும் எட்டாது. அந்த வீட்டில் வாடை தெரிகிறவள் பெரியவள் ஒருத்திதான். சாப்பாட்டில் கை வைத்தால் காறல், படுத்தால் தலையணையில் காறல். சின்னவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு எதிரே வந்து நிற்பாள். "வாசமா இருக்கேனா அக்கா?" என்று கேட்பாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லா இருக்கு என்பாள்.

மாதங்கள் போகப் போக வாடை குறைந்தது. கடைசியில் இல்லவே இல்லை. சோப்பில் இருந்த கேடெல்லாம் காற்றில் போய்விட்டது என்று பெரியவள் நினைத்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தாள், வெறும் துணி. கண்டம் கழிந்தது என்று மூச்சு விட்டாள். அந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து ஃபோன் வந்தது. வயிற்றில் பிள்ளை, ஒன்றும் சாப்பிட முடியவில்லை, பிள்ளை பிறக்கிற வரைக்கும் அம்மாவிடம் வந்து இருக்கப் போகிறேன் என்றாள்.

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளின் அறையை ஒட்டடை அடித்து, மெத்தையை வெயிலில் போட்டு, போர்வையெல்லாம் புதிதாகத் துவைக்கச் சொன்னாள். சின்னவள் மறுபேச்சில்லாமல் துவைத்து மடித்து வைத்தாள். மகள் வரப்போகிறாள் என்று பெரியவள் சொன்னபோது அவள் கை ஒரு கணம் நின்றது, பிறகு துருவ ஆரம்பித்தது. முன்பிருந்த சின்னவளாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பாள்.

கார் வந்து நின்றது. பெரியவள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் அவள் தோளில் முகம் வைத்த வேகத்தில் பின்வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். மகள் வாசல் கதவு வரைக்கும் வந்து ஒரு தடவை முயன்று பார்த்தாள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அந்த சோப்பு வாடைம்மா. வீடு பூரா வருது. உன் மேலயே வருது, உன் கையில, துணியில, தலையில. உனக்குத் தெரியலையா?"

"இல்லையேம்மா, அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு," என்று பெரியவள் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள். மகள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம், அம்மாவும் இப்போதைக்கு அங்கே வர வேண்டாம், அவளுக்குத் தாங்காது என்று மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பெரியவள் நீட்டிய கையோடு நின்றாள்.

பிறகு அந்தக் கையை மூக்கருகில் கொண்டுவந்தாள். மணிக்கட்டை மோந்தாள், உள்ளங்கையை மோந்தாள், உடுப்பை இழுத்து மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை, மாதக்கணக்கில் அந்த வாடையிலேயே கிடந்து மூக்கு அதற்கு மரத்துப்போயிருந்தது. வெந்நீர் வைத்து, கடையில் வாங்கிய புது சோப்பால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். போனதா, இருக்கிறதா? அதுவும் தெரியவில்லை. புருஷனைக் கேட்டுப் பயனில்லை. வேறு யாரைக் கேட்பது?

பின்னறையில் சின்னவள் மடியில் துருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் போய் அவள் முன்னால் நின்று, ஈரக் கையை நீட்டினாள். அழுகையில் குரல் உடைந்தது.

"உனக்கு மூக்கு வந்துடுச்சா? கொஞ்சமாவது தெரியுதா? உண்மையைச் சொல்லு. என் மேல இன்னும் வருதா?"

சின்னவள் துருவியைக் கீழே வைத்தாள். நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். பெரியவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு அக்கா," என்றாள் சின்னவள்.